தொலைநோக்கிக்கு முன்பே தயாரான வானம்: யூக்ளிட், ரோமன் ஆய்வுகளுக்கான மாதிரிப் பிரபஞ்சங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கும் கூட்டங்களில் சில வருடங்களாகப் பேசி வருகிறேன். யூக்ளிட் விண்கலத்தைப் பற்றிச் சொல்லும்போது, "அது கிளம்புவதற்கு முன்பே, அது பார்க்கப்போகும் வானத்தைக் கணினியில் செய்து வைத்துவிட்டார்கள்" என்று ஒரு வரி சொல்வேன். மற்ற எல்லாவற்றையும் விட அந்த ஒரு வரிக்குத்தான் கேள்விகள் குவியும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

யூக்ளிட், ரோமன்னா என்ன? முதல்ல அதைச் சொல்லுங்க.

இரண்டும் விண்வெளித் தொலைநோக்கிகள். யூக்ளிட் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தினுடையது. 2023 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. 1.2 மீட்டர் கண்ணாடியோடு பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய 14,000 சதுர பாகை வானத்தை, அதாவது முழு வானத்தில் மூன்றில் ஒரு பங்கை, படம் எடுத்து 150 கோடி விண்மீன் திரள்களின் வடிவத்தை அளக்க வேண்டும் என்பது திட்டம்.

நான்சி கிரேஸ் ரோமன் தொலைநோக்கி நாசாவினுடையது. 2027 மே மாதத்துக்குள் ஏவுவது என்பது கெடு. கண்ணாடி ஹப்பிளைப் போலவே 2.4 மீட்டர்தான். ஆனால் ஒரே நேரத்தில் பார்க்கும் வானப் பரப்பு ஹப்பிளின் அகச்சிவப்புக் கேமரா பார்ப்பதைப் போல 100 மடங்குக்கும் மேல். இரண்டுமே ஒவ்வொரு திரளாக ரசிப்பதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. கோடிக்கணக்கில் எண்ணி, அவை வானத்தில் பரவியிருக்கும் விதத்திலிருந்து கரும்பொருளையும் (ஒளி தராமல், ஈர்ப்பால் மட்டும் தெரிவது) கரும் ஆற்றலையும் (பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துவது) பற்றித் தெரிந்துகொள்வதற்கான கருவிகள்.

வானம் மேலேயே இருக்கு. அதைப் பார்த்தா போதாதா? எதுக்குப் பொய்யா ஒண்ணு செய்யணும்?

பொதுத்தேர்வுக்கு முன்னால் மாதிரித் தேர்வு வைக்கிறோம் அல்லவா, அதே காரணம்தான். மாதிரித் தேர்வின் சிறப்பு, அதன் விடை நம் கையில் இருப்பது. உண்மையான வானத்துக்கு விடைத்தாள் கிடையாது. ஒரு திரளின் தூரத்தை நம் நிரல் தவறாகக் கணித்தாலும் "தப்பு" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. கணினியில் செய்த வானத்தில் ஒவ்வொரு திரளின் தூரம், நிறை, வடிவம் எல்லாம் நாமே எழுதி வைத்தவை. அதை நிரலிடம் கொடுத்து, போட்டது திரும்பி வருகிறதா என்று பார்க்கலாம். இந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற எல்லாப் பதில்களும் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1990-இல் ஹப்பிள் மேலே போன பிறகுதான் அதன் கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தேய்க்கப்பட்டது தெரிந்தது. 1993-இல் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்தார்கள். யூக்ளிட் நிற்கும் இடத்துக்கு அப்படி யாரும் போக முடியாது. எத்தனை நிமிடம் திறந்து வைத்துப் படம் எடுப்பது, வானத்தின் எந்தப் பகுதியை எந்த வரிசையில் சுற்றுவது, எந்த வடிகட்டியைப் போடுவது என்ற முடிவுகளையெல்லாம் தரையில் இருக்கும்போதே சோதித்தாக வேண்டும்.

இத்தனை கோடி திரளையும் யாராவது உட்கார்ந்து வரையுறாங்களா? இல்ல ஏஐ வரையுதா?

இரண்டும் இல்லை. ஈர்ப்பு விசையே வரைகிறது என்று சொல்லலாம். பிரபஞ்சம் பிறந்து 3.8 லட்சம் ஆண்டுகள் ஆனபோது கிளம்பிய ஒளியை நுண்ணலைப் பின்னணியாக இன்றும் அளக்கிறோம். அதில் இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கிறது. அந்த அளவீடுகளிலிருந்து தொடக்க நிலையைக் கணக்கிட்டு, கணினிக்குள் ஒரு பெரிய பெட்டியில் கரும்பொருளுக்குப் பதிலாக நிற்கும் துகள்களைப் பரப்புகிறார்கள். அப்புறம் பெட்டியை விரியவிட்டு, துகள்களை ஒன்றையொன்று இழுக்க விடுகிறார்கள். கொஞ்சம் அடர்த்தியான இடம் இன்னும் அடர்த்தியாகிறது, காலியான இடம் இன்னும் காலியாகிறது. கடைசியில் இழைகளும் முடிச்சுகளுமாக ஒரு பெரிய வலை உருவாகிறது. அந்த முடிச்சுகளுக்கு ஹேலோ என்று பெயர். திரள்கள் பிறக்கும் தொட்டில் அதுதான்.

யூக்ளிடுக்காகச் செய்த முக்கியமான சிமுலேஷனின் பெயர் ஃப்ளாக்ஷிப். அதன் இரண்டாவது பதிப்பில் 4 லட்சம் கோடி துகள்கள். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சுமார் 1,700 கோடி ஒளியாண்டு. அதிலிருந்து 1,600 கோடி ஹேலோக்களை அடையாளம் கண்டு, வானத்தின் எட்டில் ஒரு பங்குக்கு 340 கோடி திரள்கள் கொண்ட பட்டியலைத் தயாரித்தார்கள்.

4 லட்சம் கோடி துகளா? எந்தக் கம்ப்யூட்டர் இதைத் தாங்கும்?

சுவிட்சர்லாந்தில் லுகானோ நகரில் இருந்த பீஸ் டெயின்ட் என்ற சூப்பர் கம்ப்யூட்டர். முதல் பதிப்பான 2 லட்சம் கோடித் துகள் சிமுலேஷன், நாலாயிரத்துக்கும் அதிகமான கிராஃபிக்ஸ் சிப்புகளில் 80 மணி நேரம் ஓடியது. நிரலை எழுதியது சூரிச் பல்கலைக்கழகக் குழு.

ஒவ்வொரு துகளுக்கும் மற்ற எல்லாத் துகள்களும் தரும் இழுவையைத் தனித்தனியாகக் கூட்டினால் எந்தக் கணினியாலும் முடியாது. அதனால் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவற்றைத் தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். தூரத்தில் இருக்கும் கூட்டத்தை மொத்தமாக ஒரே பொருளாக எடுத்துக்கொள்வார்கள். மலையுச்சியிலிருந்து பார்த்தால் தேரடியில் நிற்கும் கூட்டம் ஒரே திட்டாகத் தெரிவது போல.

ஒரு துகள்னா ஒரு நட்சத்திரமா?

இல்லை. ஃப்ளாக்ஷிப் இரண்டாம் பதிப்பில் ஒரு துகளின் நிறை சுமார் 150 கோடி சூரியன்களுக்குச் சமம். நம் பால்வெளி உட்கார்ந்திருக்கும் ஹேலோவே அந்தக் கணக்கில் சில நூறு துகள்கள்தான். அதைவிட மிகச் சிறிய திரள்களை இந்தச் சிமுலேஷனால் நம்பும்படி காட்ட முடியாது. இந்த எல்லை பின்னால் ஒரு கேள்வியில் தொல்லை கொடுக்கும், நினைவில் வையுங்கள்.

துகளெல்லாம் கரும்பொருள்னா, ஒளி தர்ற திரள் எங்கிருந்து வருது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நாம் பார்க்கப்போவது ஒளியை, கணினியில் ஓடியதோ இருட்டு. இரண்டையும் இணைக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, கணக்குப் பார்த்துக் குடியமர்த்துவது. இவ்வளவு நிறையுள்ள ஹேலோவில் சராசரியாக நடுவில் ஒன்று, சுற்றி இத்தனை துணைத் திரள்கள் என்று ஒரு விதி எழுதுகிறார்கள். ஏற்கெனவே அளந்து வைத்திருக்கும் அண்மைத் திரள்களின் பிரகாசம், நிறம், நெருக்கம் ஆகியவற்றோடு ஒத்துப்போகும் வரை அந்த விதியைத் திருத்துகிறார்கள். ஃப்ளாக்ஷிப் பட்டியல் இந்த வகை.

இரண்டாவது வழி, ஒவ்வொரு ஹேலோவின் வம்ச வரலாற்றையும் பின்தொடர்வது. எது எதோடு எப்போது சேர்ந்தது, உள்ளே எவ்வளவு வாயு குளிர்ந்தது, எவ்வளவு நட்சத்திரமானது, வெடித்த நட்சத்திரங்களும் நடுவில் இருக்கும் கருந்துளையும் எவ்வளவு வாயுவை வெளியே தள்ளின என்று சமன்பாடுகளால் வரவு செலவு எழுதுவது. ரோமனுக்காக இந்த வழியில் செய்த ஒரு மாதிரியில் வெறும் 2 சதுர பாகைக்குள் 50 லட்சத்துக்கும் மேல் திரள்கள் இருக்கின்றன.

"இதில் நம் ஊர்ப் பங்கு ஏதாவது உண்டா?" என்று அடிக்கடி கேட்பார்கள். உண்டு. சிறிய திரள் பெரிய ஹேலோவுக்குள் விழுந்தால் உடனே கலந்துவிடாது. சுற்றியிருக்கும் பொருளின் இழுவையால் மெல்ல மெல்ல வேகம் இழந்து நடுவுக்கு வரும். இந்த உராய்வுக்கான சூத்திரத்தை 1943-இல் எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அந்தத் துணைத் திரள் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்று கணக்கிட, இந்த வகை மாதிரிகள் இன்றும் அந்தச் சூத்திரத்தையும் அதிலிருந்து பிறந்தவற்றையும்தான் பயன்படுத்துகின்றன.

அதுக்கு வாயு, நட்சத்திரம் எல்லாத்தையும் சேர்த்தே ஓட்டிடலாமே?

ஓட்டுகிறார்கள். இல்லஸ்ட்ரிஸ்-டிஎன்ஜி, ஈகிள் போன்றவை அப்படிப்பட்டவை. ஆனால் கணக்கு பல மடங்கு கனமாகிவிடுவதால் பெட்டியைச் சிறிதாக்க வேண்டியிருக்கிறது. டிஎன்ஜி வரிசையின் பெரிய பெட்டியே பக்கத்துக்குச் சுமார் 100 கோடி ஒளியாண்டுதான். யூக்ளிட் பார்க்கும் பரப்புக்கு அது போதாது. அதனால் சின்னப் பெட்டியில் இயற்பியலைக் கற்றுக்கொண்டு, அதைப் பெரிய பெட்டியின் விதிகளைச் சரிபார்க்கப் பயன்படுத்துகிறார்கள்.

அந்த மாதிரிக்குள்ள நம்ம பால்வெளி இருக்குமா?

பால்வெளி போன்ற திரள்கள் ஏராளமாக இருக்கும், நம் பால்வெளி இருக்காது. ஆண்ட்ரோமெடாவும் இருக்காது. நம் வானத்தின் நகலாக இதைச் செய்யவில்லை. புள்ளிவிவரம் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

தூரத்துல இருக்கிறதெல்லாம் பழசுன்னு சொல்வீங்களே, பெட்டியில அதை எப்படிக் காட்டுறாங்க?

பெட்டி முழுவதும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கிறது என்று படம் எடுத்தால் அது தொலைநோக்கி பார்க்கும் வானம் ஆகாது. அதனால் பார்வையாளரைப் பெட்டியின் ஒரு மூலையில் உட்கார வைக்கிறார்கள். சிமுலேஷன் ஓடும்போதே, ஒவ்வொரு துகளிலிருந்தும் கிளம்பிய ஒளி எந்தக் கணத்தில் புறப்பட்டால் இன்று அவரை வந்தடையும் என்று பார்த்து, அந்தக் கணத்து நிலையை மட்டும் எழுதி வைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவை இன்றைய கோலத்தில், தூரத்தில் இருப்பவை குழந்தைப் பருவத்தில். ஒளிக்கூம்பு என்று இதற்குப் பெயர். ஃப்ளாக்ஷிப் பட்டியலின் கடைக்கோடியில் இருக்கும் திரள்களை அவற்றின் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலையில் பார்க்கிறோம்.

பட்டியல்தான் கிடைச்சாச்சே, அப்புறம் படம் வேற எதுக்கு?

தொலைநோக்கி நமக்குப் பட்டியல் தராது, படப்புள்ளிகளைத்தான் தரும். படத்திலிருந்து பட்டியலுக்கு வரும் வழியில்தான் பிழைகள் நுழைகின்றன. ஆகவே மாதிரித் திரள்களைத் தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படிக் கெடுக்கிறார்கள். கண்ணாடியால் வரும் மங்கல், பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி வரும் கதிர்முனைகள், அண்டக் கதிர்கள் கிழித்த கோடுகள், கதிர்வீச்சால் சேதமான சென்சாரில் மின்னூட்டம் பின்தங்கி இழுபடுவது, எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். சுத்தமான படம் செய்வதைவிடச் சரியாகக் கெட்ட படம் செய்வது கஷ்டம். இந்த வேலைக்காகவே கேல்சிம் என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது.

ரோமனுக்காகவும், சிலியில் தரையில் இருக்கும் ரூபின் ஆய்வகத்துக்காகவும் கணினியில் செய்த ஒரே வானத்தை இரண்டு கண்ணாலும் பார்ப்பது போல ஓப்பன்யுனிவர்ஸ் என்ற திட்டத்தில் படங்கள் செய்தார்கள். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் இருந்த தீட்டா கணினி அதற்கு ஒன்பது நாள் உழைத்தது. 70 சதுர பாகை வானம், 400 டெராபைட் தரவு. தரையிலிருந்து பார்க்கும்போது ஒன்றாக ஒட்டிக்கொண்டு தெரியும் இரண்டு திரள்கள் விண்வெளியிலிருந்து தனித்தனியாகத் தெரியும். ஒன்றின் தவறை மற்றொன்றால் திருத்தப் பழகுவதற்கு இது நல்ல களம்.

வடிவத்தை அளக்கிறதுல அப்படி என்ன கஷ்டம்? ஃபோட்டோல தெரியுதே.

தூரத்துத் திரளின் ஒளி வழியில் இருக்கும் கரும்பொருளால் சற்றே வளைந்து வருகிறது. அதனால் திரளின் உருவம் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு நீள்கிறது. ஆனால் திரள்கள் பிறவியிலேயே நீள்வட்டமானவை. அந்த இயல்பான நீட்சி வளைவைப் போல முப்பது மடங்கு இருக்கும். ஒற்றைத் திரளைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இயல்பான நீட்சி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் பார்த்திருக்கும், கூட்டிச் சராசரி எடுத்தால் அடங்கிவிடும். சுமார் 900 திரள்களின் சராசரி எடுத்தால்தான் இரைச்சலும் சமிக்ஞையும் சமமாகும்.

150 கோடித் திரள்கள் என்றால் இரைச்சல் மிகவும் அடங்கிவிடும். ஆனால் எல்லாத் திரள்களையும் ஒரே பக்கமாகப் பாதிக்கும் பிழை இருந்தால், எத்தனை கோடி சேர்த்தாலும் அது குறையாது. அதனால் வடிவ அளவீட்டில் வரும் பிழையை ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது யூக்ளிடுக்கு வைத்த இலக்கு. மாதிரிப் படத்தில் நமக்குத் தெரிந்த அளவு வளைவைப் போட்டு, நிரல் எவ்வளவு என்று சொல்கிறது என்று பார்ப்பது இதற்கான முக்கியமான வழி.

இதில் நான் வியந்துபோன ஒரு விஷயம் உண்டு. கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மங்கலான திரள்களும் விடையைக் கெடுக்கின்றன! அவை தனியாகத் தெரியாது, ஆனால் பிரகாசமான திரளின் ஓரத்திலும் பின்னணியிலும் கொஞ்சம் ஒளியைக் கலந்துவிடுகின்றன. அதனால் தொலைநோக்கிக்குத் தெரிவதைவிட மங்கலான திரள்களையும் மாதிரியில் போட்டால்தான் அளவுகோல் சரியாக வரும். ஒரு துகளின் நிறையைப் பற்றிச் சொன்ன எல்லை இங்கேதான் தொல்லை கொடுக்கிறது.

தூரத்தை எப்படிக் கண்டுபிடிப்பாங்க? அதுலயும் ஏமாற வாய்ப்பு உண்டா?

நிறையவே உண்டு. ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் சிவப்புக் கோட்டை யூக்ளிடின் அகச்சிவப்புக் கருவி தேடுகிறது. பிரபஞ்சம் விரிவதால் கோடு நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்தது என்பதே செம்பெயர்ச்சி, அதிலிருந்து தூரம் வருகிறது. சரி, 1,500 நானோமீட்டரில் ஒரே ஒரு கோடு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஹைட்ரஜன் கோடு என்றால் செம்பெயர்ச்சி 1.29. ஆனால் அது 500.7 நானோமீட்டர் ஆக்சிஜன் கோடாக இருந்தால் செம்பெயர்ச்சி 2.00. திரள் எங்கேயோ போய்விடுகிறது. இப்படி இடம் மாறி உட்காருபவை எத்தனை சதவீதம் என்று சொல்ல, விடை தெரிந்த வானம் வேண்டும்.

இன்னும் அடிப்படையான சிக்கல், அந்தக் கோட்டோடு எத்தனை திரள்கள் அகப்படும் என்பதே. 2016-இல் வெளியான ஒரு கணிப்பு, யூக்ளிடின் உணர்திறனுக்கு ஒரு சதுர பாகைக்கு 2,000 முதல் 4,800 வரை என்று சொன்னது. இரண்டு மடங்குக்கும் மேல் இடைவெளி. ஆய்வு எவ்வளவு துல்லியமாக வரும் என்பதே இந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. அதனால்தான் ஒரே ஒரு மாதிரியை நம்பாமல் பல மாதிரிகள்.

இருக்கிறது ஒரு பிரபஞ்சம். எதுக்கு ஆயிரக்கணக்குல செய்றாங்க?

ஒரு பிரபஞ்சம்தான் இருக்கிறது என்பதே காரணம். ஒரு அளவீடு வந்தால் அது இயல்பான ஏற்ற இறக்கமா, புதிய இயற்பியலா என்று எப்படிச் சொல்வது? அதே விதிகளோடு தொடக்க நிலையை மட்டும் மாற்றி ஆயிரம் முறை ஓட்டினால், விடை எவ்வளவு அலையும் என்று தெரியும். அளவீடு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் பிழைக்கோட்டின் நீளம் அங்கிருந்துதான் வருகிறது. ஃப்ளாக்ஷிப் போன்றதை ஆயிரம் முறை ஓட்ட முடியாது. பினோக்கியோ போன்ற தோராயமான, வேகமான முறைகள் இதற்கு உதவுகின்றன. வேறொரு குழு செய்த கிஹோட்டே தொகுப்பு முதலில் வெளியானபோதே அதில் 44,100 சிமுலேஷன்கள் இருந்தன. ஏஐ இங்கேதான் நிஜமாக நுழைகிறது. ஓட்டிய சிமுலேஷன்களிலிருந்து கற்று, ஓட்டாதவற்றின் விடையை நொடியில் ஊகித்துத் தருகிறது.

நீங்களே ஒரு கொள்கையைப் போட்டு செஞ்சீங்க. அதையே திரும்ப எடுத்துட்டு "நிரூபிச்சாச்சு"ன்னு சொன்னா எப்படி?

கேட்க வேண்டிய கேள்வி. மாதிரி வானம் எதையும் நிரூபிப்பதில்லை. விடைத்தாள் பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள். அளக்கும் முறை நேர்மையானதா என்பதை மட்டுமே அது சொல்லும். ஆனாலும் ஆபத்து உண்டு. கரும் ஆற்றல் மாறாதது என்று வைத்துச் செய்த வானத்தில் மட்டுமே பழகிய நிரல், மாறுகிற ஒன்றைச் சந்தித்தால் அதை ஏற்கெனவே தெரிந்த விடையின் பக்கம் இழுத்துவிடலாம். 2024, 2025 ஆண்டுகளில், திரள்களின் தூரங்களை அளந்து பிரபஞ்சம் விரிந்த விதத்தைப் பார்க்கும் டெசி ஆய்வு, கரும் ஆற்றல் காலத்தோடு மாறுகிறதோ என்ற குறிப்பைத் தந்திருப்பதால் இது வெறும் கற்பனைக் கவலை இல்லை.

அதற்காகவே வேறு வேறு விதிகளோடும் வானங்கள் செய்கிறார்கள். மாறும் கரும் ஆற்றல், சற்றே மாறிய ஈர்ப்பு விசை, நியூட்ரினோவின் வெவ்வேறு நிறைகள் என்று. சில சமயம் எந்த விதி போட்டது என்று பகுப்பாய்வு செய்பவருக்குச் சொல்லாமலே கொடுப்பார்கள். விடை தெரியாமல் எழுதி, அப்புறம் திருத்தும் தேர்வு. என் பார்வையில் இந்தத் துறையின் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

மாதிரி தப்பாப் போன கதை இருக்கா?

இருக்கிறது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022-இல் வேலையைத் தொடங்கியதும், பிரபஞ்சத்தின் முதல் 50 கோடி ஆண்டுகளுக்குள் எதிர்பார்த்ததைவிட அதிகமான பிரகாசத் திரள்களைக் கண்டது. முந்தைய மாதிரிகளில் பெரும்பாலானவை அந்த எண்ணிக்கையைக் குறைத்தே சொல்லியிருந்தன. அந்தக் காலத்துக்கு அப்போது அளவீடுகளே அரிது. குடியமர்த்தும் விதிகளைத் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு நீட்டினால் இப்படி ஆகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எதிர்பார்ப்பு எண்ணாக எழுதப்பட்டிருந்ததால்தான் வியப்பையும் எண்ணாகச் சொல்ல முடிந்தது.

யூக்ளிட் மேலே போயாச்சே, இனிமே மாதிரி எதுக்கு?

மேலே போனதும் வேலை கூடியது. வழிகாட்டும் சென்சார் நட்சத்திரங்களைப் பிடிக்கத் தடுமாறியது, மென்பொருளைத் திருத்தினார்கள். சில கோணங்களில் சூரிய ஒளி கேமராவுக்குள் கசிந்தது, ஆய்வின் பாதையையே மாற்றி வகுத்தார்கள். கண்ணாடிகளில் மெல்லிய பனி படிந்து ஒளி குறைந்தது, 2024 மார்ச்சில் ஒரு கண்ணாடியை மட்டும் சூடாக்கிப் பனியை நீக்கினார்கள். இப்படிக் கருவியின் குணம் ஒவ்வொரு முறை தெளிவாகும்போதும் "கெடுக்கும்" செய்முறையைத் திருத்தி, படங்களை மறுபடி செய்து, நிரலை மறுபடி சோதிக்க வேண்டும்.

நான் காலேஜ் படிக்கிறேன். வீட்டுல இருந்தே இதைத் தொட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். ஃப்ளாக்ஷிப் பட்டியல் பார்சலோனாவிலிருந்து இயங்கும் காஸ்மோஹப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பதிவு செய்தால் போதும். 340 கோடித் திரள்களையும் இறக்க நினைக்காதீர்கள். ஒரு சதுர பாகையை மட்டும் வெட்டி எடுங்கள், சாதாரண மடிக்கணினியே தாங்கும். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் நல்லது.

முதல் பயிற்சியாக இதைச் செய்யுங்கள். செம்பெயர்ச்சி வாரியாக எத்தனை திரள்கள் என்று ஒரு வரைபடம் போடுங்கள். பிறகு யூக்ளிட் 2025 மார்ச் 19 அன்று வெளியிட்ட முதல் தரவை எடுங்கள். 63 சதுர பாகை, 2.6 கோடித் திரள்கள், அதுவும் இலவசம். அதிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, அதே வரைபடத்தை அதன் மேல் போடுங்கள். முதலில் இரண்டிலும் ஒரே பிரகாச எல்லையை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒப்பீடே தவறிவிடும். கோடுகள் எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். அந்த விலகல் மாதிரியின் குறையா, அளவீட்டின் குறையா, நீங்கள் வெட்டிய துண்டு சிறியது என்பதாலா என்று ஒரு வாரம் உட்கார்ந்து யோசியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த வரைபடத்தோடு வாருங்கள், நானும் பார்க்க ஆசைப்படுகிறேன்.